கடாரம் கொண்டாரும் கடாரம் வந்தாரும்

கெடா மாநிலத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப் போட்டி நடைபெறுமாயின், தலைப்பு எதுவாக இருப்பினும், மாணவன் ஒரு முறையேனும் இராசேந்திர சோழனைத் தொட்டுச் செல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. ஒற்றுமை என்றாலும் கடாரம் வரும். கல்வி என்றாலும் கடாரம் வரும். தாய்மொழி என்றால் கேட்கவே வேண்டா. "கடாரத்தை வென்ற பரம்பரையில் வந்தவன் நான்" என்று பிள்ளை கையை ஓங்கும்போது மண்டபம் கைதட்டலால் அதிரும். இவ்வழக்கத்தைக் குறை கூறும் தகுதி பிறர்க்கு இருக்கலாம், எனக்கு இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த நாள் தொட்டு, தோட்டப் பள்ளியொன்றில் தலைமையாசிரியனாக அமர்ந்திருக்கும் இன்று வரை, அத்தகைய உரைகள் பலவற்றை எழுதிக் கொடுத்தவன் நானே. ஆகவே இக்கட்டுரையைப் பிறர்மீது சாட்டும் குற்றமாகக் கொள்ளாமல், ஓர் ஆசிரியன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக் கொள்வதாகக் கொள்ளுமாறு வாசக அன்பர்களை வேண்டுகிறேன்.

2025ஆம் ஆண்டில் எங்கள் பள்ளி ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், போட்டிக்கு முன்னோட்டமாகக் காலைச் சபைகூடலில் நான் எழுதிய உரையைப் பேசினான். நன்றாகவே பேசினான். எங்கள் பள்ளியில் தேசிய மொழி கற்பிக்கும் மலாய் ஆசிரியை ஒருவர் அங்கிருந்தார். பல ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியதால் நம் மொழியை ஓரளவு விளங்கிக் கொள்வார். பிறந்த ஊர் மெர்போக். சபை கலைந்த பின்னர் அவர் மாணவனை அழைத்து, அன்போடு தோளில் கைவைத்து, "நீ சொன்ன அந்த ராஜா யாரை வென்றார்? எங்கள் ஊர் ராஜாவின் பெயர் என்ன?" என்று கேட்டார்.

பையன் என்னைப் பார்த்தான். நான் மண்டபத்துக் கூரையைப் பார்த்தேன். "தெரியாது சிக்கு. தோத்தவங்க பேரு ஐயா எழுதித் தரல" என்றான் பையன். ஆசிரியை சிரித்துக்கொண்டே வகுப்புக்குச் சென்றுவிட்டார். அவர் வினாவில் குத்தல் ஏதும் இருந்ததாக நான் கருதவில்லை. தம் ஊரைப் பற்றித் தமக்குத் தெரியாத ஒன்றை அறிந்துகொள்ளும் ஆவலே அதில் இருந்தது. ஆயினும் அன்று முழுவதும் அவ்வினா என்னை விடவில்லை.

அந்த அரசன் பெயர் சங்கிராம விசயோத்துங்க வர்மன். இதை அறிய நான் தொலைதூரம் செல்ல வேண்டியிருக்கவில்லை. இராசேந்திரனின் வெற்றிகளைப் பட்டியலிடும் மெய்க்கீர்த்தியிலேயே அப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. வென்ற மன்னனைப் புகழ எழுதப்பட்ட கல்வெட்டு, தோற்ற மன்னனைப் பெயர் சொல்லி அழைக்கும் பண்பைக் கைவிடவில்லை. ஆயிரம் ஆண்டு கழித்து அதைக் கற்பிக்கும் நாமோ அப்பெயரை உதிர்த்துவிட்டோம்.

ஆயிரமாண்டுப் பெருமை

இராசேந்திரனின் கடற்படையெடுப்பு நிகழ்ந்த ஆண்டு 1025 என்பது அறிஞர் கொள்கை. அதன்படி 2025இல் ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றன. அவ்வாண்டு சூலை 27ஆம் நாள் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடைபெற்ற ஆடித் திருவாதிரை விழாவில் இந்தியப் பிரதமர் கலந்துகொண்டு, இராசேந்திரன் நினைவாக நாணயமும் வெளியிட்டார். தமிழ்நாட்டு அரசியலில் சோழர் பெயரை யார் உரிமை கொண்டாடுவது என்னும் போட்டி அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. கல்கியின் "பொன்னியின் செல்வன்" 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தபோதே அப்போட்டி சூடேறியது. அங்கே எழுந்த அலை கடல் கடந்து நம்மிடமும் வந்தது. என் கைப்பேசியில் உள்ள ஆசிரியர் புலனக் குழுக்களில் அவ்வாரம் புலிக்கொடி பறக்காத நாளே இல்லை.

தமிழ்நாட்டார் கடாரத்தைப் பாடினால் அது தொலைவிலுள்ள ஒரு நாட்டைப் பற்றிய பாட்டு. கெடாவில் வாழும் நமக்கோ அது அடுத்த வீட்டாரின் ஊர். அந்த ஆசிரியை பிறந்த ஊர். நாம் நாள்தோறும் சோறு உண்ணும் ஊர். ஒரே சொற்றொடர் நாகப்பட்டினத்தில் ஒரு பொருளும் சுங்கை பட்டாணியில் வேறொரு பொருளும் தரும் என்பதை மொழியாசிரியர்களாகிய நாமே மறந்திருந்தோம்.

இப்பெருமையை நம் மக்கள் பற்றிக்கொண்டதற்குத் தக்க காரணம் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. "வந்தேறிகள்" என்னும் பொருள்படும் சொல்லை இந்நாட்டில் பிறந்து வளர்ந்த மூன்றாம், நான்காம் தலைமுறைத் தமிழரும் அரசியல் மேடைகளிலிருந்து கேட்டு வந்துள்ளனர். 2007 நவம்பர் 25ஆம் நாள் கோலாலம்பூரில் பல்லாயிரவர் தெருவில் திரண்டதற்கு அடியிலிருந்த வேதனைகளுள் இதுவும் ஒன்று. 2021இல் கெடாவில் தைப்பூசத்திற்கு அளிக்கப்பட்டு வந்த மாநிலச் சிறப்பு விடுமுறை, நடமாட்டக் கட்டுப்பாட்டைக் காரணம் காட்டி நிறுத்தப்பட்டபோதும் அதே புண் மீண்டும் கீறப்பட்டது. அப்போதெல்லாம் நம்மவர் நாவில் வந்த மறுமொழி, "நாங்கள் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே இங்கு வந்து வென்றவர்கள்" என்பதே.

இம்மறுமொழி மனத்திற்கு இனிக்கிறது. ஆனால் வழக்கில் தோற்கிறது. சற்றே எண்ணிப் பாருங்கள். "நீ வெளியிலிருந்து வந்தவன்" என்று ஒருவர் குற்றம் சாட்டுகிறார். "ஆம், படையோடு வந்தேன்" என்று நாம் விடையிறுக்கிறோம். குற்றச்சாட்டை மறுப்பதற்கு மாறாக, அதைக் கூட்டிக் கொடுக்கும் விடை இது. மேலும், இங்குள்ள தமிழருள் மிகப் பெரும்பாலோர் இராசேந்திரனின் கப்பலில் வந்தவர் வழியினர் அல்லர். என் பாட்டனார் வந்த கப்பலின் பெயர் இரசூலா.

மூன்று கடாரங்கள்

வரலாற்றை முழுமையாகப் படித்தால், தமிழருக்கும் கடாரத்திற்கும் இருந்த உறவு போர் ஒன்றோடு அடங்குவதன்று என்பது விளங்கும்.

முதலாவது, வாணிகக் கடாரம். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் வந்து குவிந்த பொருள்களை வரிசைப்படுத்தும்போது காழகத்திலிருந்து வந்தவற்றையும் குறிக்கிறது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் காழகம் என்பதற்குக் கடாரம் என்றே பொருள் கொண்டார். பூசாங் பள்ளத்தாக்கில் கிடைத்துள்ள பௌத்தச் சின்னங்களுள் சில இராசேந்திரனுக்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டவை. சுங்கை பத்துவில் 2009 முதல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் நடத்திய அகழாய்வில், பழங்காலத்தார் இரும்பு உருக்கிய இடங்களும் செங்கற் கட்டட அடித்தளங்களும் வெளிப்பட்டன. ஆகவே பூசாங்கில் உள்ளவை எல்லாம் சோழன் கட்டிய கோயில்கள் என்று நாம் மாணவர்க்குக் கூறி வந்தது பிழை. சோழன் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தன் சொந்த உழைப்பாலும் தன் துறைமுகத்தாலும் வளர்ந்த ஊர் இது.

இரண்டாவது, நட்புக் கடாரம். இராசராச சோழன் காலத்தில் கடாரத்தரசன் மாறவிசயோத்துங்க வர்மன், தன் தந்தை சூளாமணி வர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் ஒரு பௌத்த விகாரை எழுப்பினான். சைவனாகிய இராசராசன் அந்த விகாரைக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இறையிலியாக வழங்கினான். லெய்டன் செப்பேடுகள் என்று வழங்கும் ஆவணங்கள் இதைத் தெளிவாகக் கூறுகின்றன. தமிழ் மண்ணில் கடாரத்தான் கட்டிய கோயிலுக்குத் தமிழ் மன்னன் ஊர் கொடுத்த கதை இது. எங்கள் பேச்சுப் போட்டிகளில் இக்கதையை ஒரு மாணவன் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் எழுதிக் கொடுத்ததில்லை.

மூன்றாவதுதான் போர்க் கடாரம். அது நடந்த ஒன்று, மறைக்க வேண்டுவதில்லை. ஒரு கடற்படை வங்கக் கடலைக் கடந்து துறைமுகங்கள் பலவற்றைத் தாக்கியது அக்கால உலகில் அரிய செயலே. ஆனால் அதன் பின்னர்ச் சோழர் இங்கே நிலையான ஆட்சி நடத்தினர் என்பதற்குச் சான்று இல்லை. வந்தனர், வென்றனர், பொருள் கொண்டு மீண்டனர். "கொண்டான்" என்னும் சொல் புகழுரையில் ஒலிக்கும் அளவிற்கு நிலத்தில் ஊன்றியிருக்கவில்லை.

ஈராயிரம் ஆண்டு உறவில் வாணிகத்தையும் நட்பையும் விட்டுவிட்டு, ஒரு படையெடுப்பை மட்டும் எடுத்து மாணவன் கையில் கொடுத்த நாம், அவனுக்கு வரலாறு கற்பித்தோமா, அல்லது வாள் ஒன்றைக் கொடுத்து அனுப்பினோமா?

திரையில் கண்ட கடாரம்

இனி, இன்றைய மாணவர்க்கு ஆசிரியரினும் பெரிய ஆசிரியராக விளங்கும் திரைப்படத்தைக் காண்போம்.

2019இல் "கடாரம் கொண்டான்" என்றொரு படம் வந்தது. விக்ரம் நடித்தது, கமல்ஹாசனின் நிறுவனம் தயாரித்தது, பிரெஞ்சுப் படமொன்றின் தழுவல். தலைப்பைக் கண்டு என் மாணவர்கள் இராசேந்திரனைத் திரையில் காணலாம் என்று துள்ளினர். படத்தில் இராசேந்திரனும் இல்லை; கெடாவும் இல்லை. கோலாலம்பூரில் நிகழும் ஒரு குற்றக் கதை அது. மலேசியத் திரையரங்குகளில் அது திரையிடப்படவும் இல்லை. ஆக, கடாரத்தின் பெயரைச் சூடிய படத்தைக் கடாரத்தில் உள்ளவர் திரையரங்கில் காண இயலாமற் போயிற்று. அப்பெயர் இன்று ஒரு சரக்கின் மேல் ஒட்டும் சீட்டாகிவிட்டது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுமோ?

இதற்கு மூன்றாண்டு முன்னர், 2016 சூலையில், பா. இரஞ்சித் இயக்கத்தில் இரசினிகாந்த் நடித்த "கபாலி" வெளிவந்தது. இதை அவ்வாறு தள்ளிவிட முடியாது. தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வுக்காகப் போராடிய செய்தியைத் தமிழ்நாட்டுப் பெரும்படம் ஒன்று கதையின் வேராக வைத்தது இதுவே என்பேன். சிறை மீண்ட நாயகன் வழிதவறிய பிள்ளைகளுக்குக் கல்வி நிலையம் நடத்துவதும் என் போன்றோர் நெஞ்சைத் தொட்டது. ஆயினும் படம் தோட்டத்தில் நெடுநேரம் நிற்கவில்லை. கூலிப் போராட்டத்தைச் சில காட்சிகளில் முடித்துவிட்டுத் துப்பாக்கிச் சண்டைக்கு விரைந்துவிடுகிறது. மறுவாரம் எங்கள் பள்ளிப் பிள்ளைகள் நடித்துக் காட்டியது நாயகனின் நடையையும் கோட்டையும்தான். கூலி கேட்டு நின்ற இளைஞனை ஒருவனும் நடித்துக் காட்டவில்லை. மலேசியாவில் திரையிட்ட படியில், நாயகன் காவல் துறையிடம் சரணடைந்தான் என்னும் வாசகத்தை இறுதியில் சேர்த்திருந்தனர். அவ்வரியைப் படிக்கப் பிள்ளைகள் இருக்கையில் இல்லை. அவர்கள் அப்போதே எழுந்து வெளியேறிக்கொண்டிருந்தனர்.

இவ்விரண்டையும் விடச் சிறிய படம் ஒன்று உண்டு. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015 இறுதியில் வந்த "ஜகாட்". மலேசியத் தமிழர் எடுத்தது. 1990களின் தொடக்கத்தில், தோட்டத்திலிருந்து பெயர்ந்து நகர்ப்புறத்துப் புறம்போக்கில் குடியேறிய ஒரு குடும்பத்தின் கதை. அப்போய் என்னும் பன்னிரண்டு வயதுப் பையனின் கதை. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியில் அமையாத படங்களைத் தனி வகையில் ஒதுக்குவதா என்னும் பூசல் எழுந்து, மலாய்க் கலைஞர்களே அதை எதிர்த்துக் குரல் கொடுத்த பின்னர், இப்படம் சிறந்த மலேசியப் படத்திற்கான பரிசு பெற்றது. நான் இங்கு வற்புறுத்த விரும்புவது ஒன்றே. வென்ற பரம்பரை என்று முழங்காமல், இடம்பெயர்ந்த ஒரு தொழிலாளி மகனின் உண்மையைச் சொன்ன படத்திற்காகவே, மொழியும் இனமும் வேறான கலைஞர்கள் நம்மோடு நின்றார்கள். மேடையில் நாம் ஓங்கிய வாள் பெற்றுத் தராததை அந்த உண்மை பெற்றுத் தந்தது. எங்கள் ஆசிரியர் அறையில் அப்படத்தைப் பார்த்தவர் எத்தனை பேர் என்று கேட்டேன். இருவர் கை உயர்ந்தது. அவ்விரு கைகளுள் ஒன்று என்னுடையது.

ஒரு கை எழுதிய இரு நூல்கள்

இலக்கியத்திலும் இந்நிலையே. அகிலன், இராசேந்திர சோழனை நாயகனாகக் கொண்டு "வேங்கையின் மைந்தன்" எழுதினார். 1963இல் அந்நூல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அதே அகிலன், பின்னர் 1970களில் இந்நாட்டிற்கு வந்து, இரப்பர்த் தோட்டங்களைக் கண்டு, "பால்மரக் காட்டினிலே" என்னும் நாவலை எழுதினார். சோழனைப் பாடிய அதே கை பால்மரம் வெட்டுவோரையும் எழுதியது. நான் படித்த காலத்திலும், இன்று என் பள்ளி நூலகத்திலும், முதல் நூலின் தாள்கள் கிழிந்து தையல் விட்டிருக்கின்றன. இரண்டாவது நூல் புதிதாகவே இருக்கிறது. இது நூலாசிரியர் குற்றமன்று. எந்தக் கதையில் நம் முகத்தைக் காண விரும்பினோம் என்பதற்கு அந்தத் தையல் விட்ட முதுகே சான்று.

நம் கெடா எழுத்தாளர் இப்பணியை விடவில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீ. முத்துசாமி "மண்புழுக்கள்" நாவலில் தோட்டத்து மனிதரை அவர்கள் பேசும் மொழியிலேயே நிறுத்தினார். 2017இல் தமிழ்நாட்டின் விஷ்ணுபுரம் விருது அவரைத் தேடி வந்தது. ஆசிரியப் பணி ஆற்றிய கோ. புண்ணியவான் "கையறு" நாவலில் சயாம் மரண இரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களை எழுதினார். இவர்கள் கெடாவின் எழுத்தாளர்கள். நம் மாணவர்க்குச் சாண்டில்யனின் "கடல் புறா" தெரிந்த அளவு இவர்களைத் தெரியுமா என்று ஆசிரிய நண்பர்கள் தத்தம் வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கல்வெட்டு இல்லாத வீரர்

வீரம் வேண்டும் என்பார்க்கு, கெடா மண்ணிலேயே நிகழ்ந்த வீரச் செயலொன்றைக் கூறுகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர், பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தை நடுவிடமாகக் கொண்டு, ஏ. எம். சாமி என்பார் தொண்டர் படை என்னும் இயக்கத்தைத் திரட்டினார். அதன் இளைஞர் தோட்டந்தோறும் அணிவகுத்துச் சென்று முதலில் எதிர்த்தது துரையை அன்று; கள்ளுக்கடையை. தொழிலாளியின் கூலி எந்தக் கதவு வழியே வெளியேறுகிறது என்று கண்டு, அக்கதவை அடைக்க முனைந்தனர். 1947இன் தொடக்கத்தில் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீசாரோடு மோதல் மூண்டு ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அதே ஆண்டில் டப்ளின் தோட்டத்தில் போலீசார் சுட்டதிலும் உயிர்ப்பலி நேர்ந்தது. தலைவர்கள் பிடிபட்டனர், இயக்கம் ஒடுக்கப்பட்டது.

மதுவை ஒழிக்கவும் மானத்தோடு கூலி பெறவும் எழுந்த இவர்கள் எவர் நாட்டையும் கொள்ளவில்லை. இவர்களைப் பற்றிப் பேச ஒரு மாணவன் மேடையேறினால், கேட்டுக்கொண்டிருக்கும் எந்த இனத்தவரும் முகம் சுளிக்க வேண்டியிருக்காது. பெயர் சொல்லி மகிழத்தக்க இந்த வீரர்களைப் பற்றி, ஹார்வர்ட் தோட்டத்திலிருந்து வண்டியில் எளிதில் சென்றடையக்கூடிய தொலைவில் வாழும் நானே, ஆசிரியனாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தறிந்தேன். சோழன் பயின்ற போர்முறை தெரிந்த எனக்கு அடுத்த தோட்டத்தில் சுடப்பட்டவன் கதை தெரியாது. இதைவிட ஓர் ஆசிரியனுக்கு நாணத்தக்கது யாது?

இடிந்தவை இரண்டு

2013 இறுதியில், சுங்கை பத்துப் பகுதியில் 11ஆம் எண் சண்டி என்று பதிவாகியிருந்த பழங்கட்டட அடித்தளம், நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்ட செய்தி வெளிவந்தது. நாம் கொதித்தெழுந்தோம், அது முறையே. தமிழர் மட்டுமின்றி வரலாற்றில் அக்கறை கொண்ட மலாய்க்காரரும் சீனரும் கொதித்தனர். நாகப்பட்டினத்தில் கடாரத்தான் விகாரையோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட பழங்கோபுரமும் 1867இல் இவ்வாறே இடிக்கப்பட்டது. கடலின் இரு கரையிலும் ஒரே கதை.

ஆனால், நம் கண்முன்னே நாள்தோறும் இடிந்துகொண்டிருந்த வேறொன்றுக்கு நாம் கொதிக்கவில்லை. தோட்டங்கள் கைமாறின, பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயங்கள் தரைமட்டமாயின. பெரட்டுக் களம், ஆயாக்கொட்டகை, பால் ஸ்டோர், இடுகாடு ஆகியவை வரைபடத்திலிருந்தே நீங்கின. சுதந்திரம் பெற்ற 1957இல் எண்ணூற்றுக்கு மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. நான் பிறந்த லயம் இருந்த இடத்தில் இன்று ஒரு பேரங்காடியின் வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது. அதை ஒரு படம் எடுத்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. பல ஆண்டுகள் என்னிடம் படக்கருவி இருந்தது. ஆயிரம் ஆண்டுச் செங்கல்லைத் தேடிய கண்ணுக்கு, நூறு ஆண்டுப் பலகைச் சுவர் வரலாறாகத் தெரியவில்லை.

என் பாட்டனார் 1930களில் நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். 1926 முதல் 1973 வரை இக்கடலில் ஓடிய இரசூலாவில், கங்காணி காட்டிய வழியில், ஒரு தகரப் பெட்டியோடு வந்தார். கடாரத்தான் விகாரை எழுப்பிய அதே நாகப்பட்டினம், அதே கடல், அதே கெடா. உதவிப் பயணத்தில் கூலியாட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்தது. அதற்கு முன் வந்த கடைசிக் கூட்டத்தாருள் அவர் ஒருவர். அவர் எதையும் கொள்ள வரவில்லை, கொடுத்துவிட்டுத்தான் சென்றார். காடு திருத்திய கை, மரம் வெட்டிய கை, சாலையும் தண்டவாளமும் இட்ட கை இந்நாட்டு வருவாயின் அடித்தளம் என்பதை எவரும் மறுக்க இயலாது. "வந்தேறி" என்பார்க்கு நாம் கொடுக்க வேண்டிய விடை அங்கே இருக்கிறது. படையோடு வந்தோம் என்பதினும், பாடுபட்டோம் என்பது வலிய சான்று. அது எவரையும் தாழ்த்தாத சான்று.

ஆசிரியர் செய்யத்தக்கது

பழம்பெருமையை விட்டொழியுங்கள் என்று நான் கூற வரவில்லை. முழுக் கடாரத்தையும் கற்பியுங்கள் என்றே கூறுகிறேன். மாணவரை மெர்போக் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வோம். 1936–37இல் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்ததையும், 1959–60இல் அலஸ்தேர் லாம் புக்கிட் பத்து பகாட் சண்டியை மீட்டமைத்ததையும் சொல்வோம். அங்கிருந்து திரும்பும் வழியில் வண்டியை ஒரு பழைய தோட்டத்து வாயிலில் நிறுத்தி, "இதுவும் தொல்லியல் இடமே" என்று காட்டுவோம். பெரட்டு, காண்டா, மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால் என்னும் சொற்களுக்குப் பொருள் தெரிந்த கிழவர் இன்னும் நம்மிடையே உள்ளனர். இன்னும் பத்தாண்டில் இருப்பார்களா என்பது ஐயம்.

அந்த மாணவனின் உரையை நான் கிழித்துவிட்டு, "உன் பாட்டியிடம் கேட்டு நீயே எழுதி வா" என்றேன். அவன் ஒரு பக்கம் எழுதி வந்தான். "இருட்டுலயே பெரட்டுக்குப் போவோம். நெத்தியில வெளக்கு. மழ பேஞ்சா வேல இல்ல, வேல இல்லன்னா சம்பளம் இல்ல. எங்க பெரியப்பாவ சப்பான்காரன் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போனான். வரல. அவரு பேர எங்கயும் எழுதல" என்று பாட்டி கூறியதை அப்படியே எழுதியிருந்தான். நான் எழுத்துப் பிழை மட்டும் திருத்தினேன். சூளாமணி விகாரையைப் பற்றி ஒரு பத்தியும், சங்கிராம விசயோத்துங்க வர்மன் பெயரும் சேர்த்துக் கொடுத்தேன்.

போட்டியில் அவனுக்குப் பரிசு கிடைக்கவில்லை. உரையில் வீரம் போதவில்லை என்று நடுவர் ஒருவர் பின்னர் என்னிடம் கூறினார். அவரை நான் நோகேன். சில ஆண்டுகளுக்கு முன் அவ்விருக்கையில் இருந்திருந்தால் நானும் அதையே கூறியிருப்பேன். பையனின் முகம் வாடியிருந்தது. அதைக் காண எனக்கு வருத்தமாகவே இருந்தது. மறுநாள் அவன் அவ்வுரையை மலாய் ஆசிரியையிடம் காட்டியிருக்கிறான். அவர் என்னிடம் வந்து, விகாரை கட்டிய அந்த மன்னனைப் பற்றித் தம் வகுப்பில் தேசிய மொழியில் சொல்லித் தர விரும்புவதாகக் கூறி, குறிப்புகள் கேட்டார். கொடுத்தேன்.

வென்றவர் பெயரை நம் பிள்ளைகள் அறிவர். தோற்றவர் பெயரையும், நட்புக் கொண்டவர் பெயரையும் அறியட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த மெய்க்கீர்த்தியிலும் ஏறாத தம் பாட்டன் பாட்டியர் பெயரை, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்கட்டும். இந்த வாரமே ஒவ்வோர் ஆசிரியரும் ஒரு மாணவனுக்கு அந்த வீட்டுப் பாடத்தைக் கொடுப்பாராயின், அடுத்த போட்டியில் கடாரம் வேறு குரலில் ஒலிக்கும்.